சடை விழுந்த குஞ்சலம்

சிறுமலை அடிவாரத்தில் காவி கட்டிய மரகதம் அக்காவின் குடில் இருக்கிறது. நாலு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் எலுமிச்சை மரங்கள். அங்கே வருகிறவர்கள் கேள்வியை நேராகக் கேட்பதில்லை. ஊர்க்கதை, உடம்புக்கதை எல்லாம் பேசிவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்.

வைத்தியலிங்கம் அப்படியில்லை. பையைக் கீழே வைத்த கையோடு கேட்டார்.

“பற்றை விடறது எப்படிக்கா?”

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வந்தவர் முகத்தைப் பார்த்தார். அவர் காலடியில் உட்கார்ந்திருந்த நாயையும் பார்த்தார்.

“இருங்கண்ணா, பார்ப்போம்,” என்றார்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. வைத்தியலிங்கத்துக்கு அறுபத்து மூன்று. வருகிறவர்கள் அத்தனை பேரும் அக்கா என்று கூப்பிடுவதால் அவரும் அக்கா என்றார். அக்காவோ வயசுக்கு மரியாதை கொடுத்து அண்ணா என்றார். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கேட்டால் அந்தக் குடிலில் யாராலும் சொல்ல முடியாது.

அது ஆடி மாதம். பற்றை விடுவது பற்றிய கேள்விக்குப் பதில் கிடைக்க அவருக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

வைத்தியலிங்கம் திருச்சி உறையூர்க்காரர். மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கும் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். மனைவி காந்திமதி போய் ஆறு வருஷமாகிவிட்டது. மகன் சேந்தன் குடும்பத்தோடு மெல்போர்ன் போனான். போகும்போது வீட்டிலிருந்த நாயை அப்பா மடியில் விட்டுவிட்டுப் போனான்.

சின்ன நாய். முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளையும் பழுப்புமாகத் தரையைத் தொடும் முடி. பேத்தி அதற்கு வாயில் நுழையாத இங்கிலீஷ் பேர் வைத்திருந்தாள். வாலைப் பார்த்தால், பெண்பிள்ளைகளின் பின்னல் நுனியில் கட்டிவிடும் குஞ்சலம் மாதிரி இருந்தது. வைத்தியலிங்கம் குஞ்சலம் என்று கூப்பிட்டார். அதுவும் மறுப்பு சொல்லாமல் வந்துவிட்டது.

இந்த வகை நாய்க்குத் தினமும் வாரிவிட வேண்டும். இரண்டு நாள் விட்டால் காதுக்குப் பின்னால் முடிச்சு விழும். நாலு நாள் விட்டால் முடிச்சோடு முடிச்சு சேரும். வைத்தியலிங்கம் ஒருநாளும் விட்டதில்லை. காலையில் காபி குடித்ததும் மடியில் துண்டை விரித்து அதைப் படுக்கவைத்து, பேப்பரில் வந்த செய்தியெல்லாம் அதற்குச் சொல்லிக்கொண்டே வாருவார். அரைமணி நேரம் ஆகும். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்பது அடுத்த நாள் காலையில்தான். மகன் முதலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

ஒரு தடவை குஞ்சலம் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது. டாக்டர் ஊசி போட்டார், சரியாகிவிட்டது. ஆனால் அந்த இரண்டு நாளில் வைத்தியலிங்கம் அழுத அழுகை காந்திமதி போனபோதுகூட அழாத அழுகை. எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்படி ஆகிவிட்டது.

இதுவும் போய்விட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் அவரைச் சிறுமலைக்கு விரட்டியது. ஒரு பையும் நாயும் தவிர வேறெதுவும் அவர் கொண்டுவரவில்லை.

குடிலில் அக்கா எந்த விதியும் வைப்பதில்லை. வைத்தியலிங்கமே வைத்துக்கொண்டார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து நாயைத் தொடுவதில்லை. வாருவதில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘அது’ என்று மட்டும் சொல்வது. பற்று எங்கே இருக்கிறதோ அங்கேயே வெட்டிவிட்டதாக அவருக்கு ஒரு திருப்தி.

அக்காவிடம் அவர் இதைச் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தார்.

மார்கழி பிறந்ததும் அக்கா கிளம்பினார். வருஷத்தில் பாதி நாள் அவர் ஊர் ஊராகப் போய்விடுவார்.

“ஆனிப் பௌர்ணமிக்கு வந்துடுவேன்ணா. உங்களுக்கு அன்னைக்குக் காவி குடுக்கலாம்னு நெனைக்கிறேன். பார்ப்போம்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வைத்தியலிங்கத்துக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. காவி கட்டிவிட்டால் யாரும் நம்மை விட்டுப் போக முடியாது, நாமே எல்லாரையும் விட்டாயிற்று. இதுதான் அவர் கணக்கு. ஆனிப் பௌர்ணமிக்காகக் காத்திருந்தார்.

குஞ்சலத்துக்கு இந்தத் திட்டமெல்லாம் தெரியாது. காலையில் அவர் வெளியே வந்து உட்கார்ந்ததும் ஓடிவந்து மடிக்கு எதிரே படுத்துக்கொள்ளும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அது கொஞ்ச நேரம் பார்க்கும். பிறகு அவர் அறை வாசலில் போய்ச் சுருண்டுகொள்ளும். மறுநாளும் வரும்.

மாசி மாதத்துக்குள் முடி கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. நாயுருவிச் செடி அந்தப் பக்கம் நிறைய. அதன் விதைகள் காலிலும் வயிற்றிலும் ஏறி, உள்ளே போய்ப் புதைந்துகொண்டன. முகத்து முடி வளர்ந்து கண்ணை மூடியது. அப்புறம் வாயையும் மூடப் பார்த்தது.

சமையல் செய்யும் ஒச்சம்மாவுக்கு நாய் என்றால் நடுக்கம். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வாள். ஆனால் அவள் வாய்க்கு அந்த நடுக்கம் கிடையாது.

“ஏங்கய்யா, அதுக்கு ஒரு சீப்பு வச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா?”

“அது அதோட இயல்புல இருக்கட்டும், ஒச்சம்மா.”

“இயல்பா? அதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னே தெரியலையே. நான் பின்பக்கமில்ல தட்டை வைக்கிறேன்.”

வைத்தியலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்வது அவருக்கு இப்போது நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

விடுமுறை நாளில் குடிலுக்கு வருகிறவர்கள் வேறுமாதிரி பார்த்தார்கள். தாடியும் சடையுமாக ஒருவர் தியானத்தில் இருக்கிறார். அவர் வாசலில் ஒரு நாய், அதற்கும் சடை.

“ஐயா பக்கத்துல இருந்து இருந்து நாய்க்கே சடை விழுந்துருச்சு பாருங்க.”

“பைரவர்ல!”

முதலில் யாரோ அதன் நெற்றியைத் தேடிக் கண்டுபிடித்துத் திருநீறு பூசினார்கள். அடுத்த வாரம் செவ்வரளி மாலை வந்தது. ஒரு தேய்பிறை அஷ்டமியன்று வத்தலக்குண்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் ஒரு செம்பு பாலைக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பால் ஊறிய முடி காய்ந்து, சாக்கு மாதிரி விறைத்தது. எறும்பு வந்தது.

வைத்தியலிங்கம் இதெல்லாம் காதில் விழாதவர்போல இருந்தார். ஆனால் ‘நாய்க்கே சடை’ என்று யாராவது சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதை அவரே கவனிக்கவில்லை.

ஆனிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் அக்கா வந்து சேர்ந்தார். முகம் கழுவி உட்காரும்வரைகூட வைத்தியலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை.

“அக்கா, நான் விட்டுட்டேன்.”

“எதை?”

“பற்றை. அதைத் தொட்டு ஏழரை மாசமாச்சு. பேர்கூடச் சொல்றதில்ல.”

“எதை?”

அவர் தாடையால் தன் அறை வாசலைக் காட்டினார். அக்கா எட்டிப் பார்த்தார்.

“நான் கால்மிதின்னு நெனச்சேன்,” என்றார்.

கால்மிதியின் ஒரு ஓரம் அசைந்தது. அது வால்.

“கூப்பிடுங்க.”

“அக்கா, நான் கூப்பிடறதில்ல.”

“சரி, கூப்பிடாதீங்க.”

அக்கா கூப்பிட்டார். “குஞ்சலம்!”

அது எழுந்தது. அக்கா குரல் வந்த திசைக்கு வராமல், வைத்தியலிங்கம் உட்கார்ந்திருந்த பக்கம் வந்தது. வழியிலிருந்த தூணில் ஒரு இடி இடித்துக்கொண்டு, விலகி, மறுபடி வந்தது.

“ஏன் நொண்டுது?”

“நொண்டுதா?”

வைத்தியலிங்கம் உண்மையாகவே கேட்டார். அவருக்குத் தெரியாது.

அக்கா எழுந்து உள்ளே போனார். தன் தலைவாரும் சீப்பு, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், சின்னக் கத்தரிக்கோல். மூன்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“சிக்கு எடுங்கண்ணா.”

“நானா?”

“வேற யாரு?”

“தொட்டா எல்லாம் போயிடுமேக்கா. ஏழரை மாசம்.”

“போறது போகட்டும்.”

“அப்ப காவி?”

“முதல்ல சிக்கு எடுத்துட்டு வாங்க.”

வைத்தியலிங்கம் எலுமிச்சை மரத்தடிக்குப் போனார். இது சோதனை என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. தொட வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. படித்த புத்தகங்கள் எல்லாம் உதவிக்கு வந்து நின்றன. இடது கையைப் பின்னால் மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். வலது கையில் சீப்பை நுனியில் பிடித்தார். மனதை நெற்றியில் நிறுத்தினார். பிறகு முதுகில் சீப்பை வைத்து வாலை நோக்கி ஒரு இழு இழுத்தார்.

குஞ்சலம் கத்திய கத்தலில் கிணற்றடியில் இருந்த காக்கைகள் பறந்தன.

இன்னொரு தடவை இழுத்தார். சீப்பின் இரண்டு பல் உடைந்து முடிக்குள்ளேயே நின்றுகொண்டது. குஞ்சலம் பிய்த்துக்கொண்டு ஓடி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. அங்கிருந்து ஒரு சின்ன முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்தார்.

“அது நிக்க மாட்டேங்குதுக்கா.”

“எங்கேர்ந்து வாரினீங்க?”

“முதுகுலேர்ந்து.”

“இன்னொரு கை எங்க இருந்துச்சு?”

அவர் யோசித்தார். “இடுப்புல.”

அக்கா சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். “ஒச்சம்மா, இங்க வா. கொண்டையை அவுரு.”

ஒச்சம்மா அரிசி கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். “எதுக்குக்கா? பேன் பாக்கவா?”

“உக்காரு.”

அவிழ்த்த முடி முதுகு முழுக்க விழுந்தது. எண்ணெய் காணாத முடி, நுனியில் நல்ல சிக்கு. அக்கா பாதி உயரத்தில் முடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே நுனியில் மட்டும் வாரினார். சிக்கு விடுபட்டதும் பிடியை நாலு விரல் மேலே ஏற்றி, அங்கிருந்து கீழே வாரினார்.

“வலிக்குதா?”

“இல்லக்கா. தூக்கம் வருது.”

அக்கா பிடியை விட்டார். விட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்ற கையால் அதே முடியில் அதே சீப்பை வைத்து இழுத்தார்.

“ஆத்தீ! உசுரு போகுதே!” ஒச்சம்மா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “வந்த அன்னைக்கே என்னை மொட்டையடிக்கணுமா?”

அக்கா சீப்பை வைத்தியலிங்கத்திடம் நீட்டினார்.

அவருக்கு இது தெரியாததில்லை. மூன்று வருஷம் தினமும் செய்தது. வேர்ப்பக்கம் ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போது இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், தோலுக்குப் போகாது. கைக்குத் தெரிந்த சங்கதி. அந்தக் கையைத்தான் ஏழரை மாதமாக அவர் கட்டிவைத்திருந்தார்.

தொட்டி அருகே போய் மண்ணில் உட்கார்ந்தார். மடியில் துண்டை விரித்தார். பேர் தொண்டைவரை வந்து நின்றது.

“குஞ்சலம்,” என்றார்.

முனகல் நின்றது. வயிறு மண்ணில் இழுபட, அது மெல்ல வெளியே வந்தது. துண்டைச் சுற்றி மோந்து பார்த்தது. பிறகு ஏறிப் படுத்துக்கொண்டது.

வைத்தியலிங்கம் இடது கையை அதன் மேல் வைத்தார். சூடாக இருந்தது. உள்ளே சின்ன நெஞ்சு வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறியபோதுதான், இத்தனை மாதமாகத் தன் கை உயிருள்ள எதையும் தொடவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. மனிதர்கள் யாரையும் தானாகக் கைநீட்டித் தொடாமல் ஆறு வருஷம் ஆகிவிட்டது. கடைசியாகத் தொட்டது காந்திமதியின் கால்களை, பாடையில். அவருக்குத் தன் மேலேயே தாங்கமுடியாத இரக்கம் வந்தது. கையை எடுக்கவில்லை.

பாதத்திலிருந்து தொடங்கினார். விரல்களுக்கு நடுவே முடி கல்லாக இறுகியிருந்தது. அதற்குள் நாயுருவி விதைகள் பதினேழோ பதினெட்டோ. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அத்தனையும் குத்தியிருக்கும். எண்ணெய் தொட்டு ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிரித்தார். வேரைப் பிடிப்பார், நுனியைப் பிரிப்பார். நாய் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

வயிற்றில் சிக்கு எடுக்க வரவில்லை. அது முடியாக இல்லை, கம்பளியாகிவிட்டிருந்தது. தோலுக்கும் கம்பளிக்கும் நடுவே சீப்பை நுழைத்துக் காவலுக்கு வைத்துக்கொண்டு, சீப்பின் மேல்பக்கமாகக் கத்தரித்தார். கொத்துக் கொத்தாக விழுந்தது. உள்ளே உண்ணிகள் மிளகு மிளகாக இருந்தன.

மதியம் ஒச்சம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் போகவில்லை. அவளே மோர் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டு நின்றாள்.

“இம்புட்டு நாத்தம் எங்கேர்ந்துய்யா வருது?”

காதுக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே இருந்த கட்டியைக் கத்தரித்து எடுத்ததும், கூடவே தோலின் மேல்பரப்பும் வந்தது. கீழே சிவந்த புண். பால் ஊற்றிய அன்றிலிருந்தே இருந்திருக்க வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் இது தினமும் காலையில் மடிக்கு எதிரே வந்து படுத்திருக்கிறது. தினமும் அவர் கண்ணை மூடியிருக்கிறார்.

“ஐயோ,” என்றார் வைத்தியலிங்கம்.

“நானும் சொல்லத்தான் செஞ்சேன்,” என்றாள் ஒச்சம்மா. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “மோரைக் குடிங்க மொதல்ல,” என்றாள்.

முகத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டார். மூக்குக்கு மேலே முடியை இரண்டாகப் பிரித்து, பிடித்துப் பிடித்து, மயிரிழை மயிரிழையாக ஒதுக்கினார். வலது கண் தெரிந்தது. ஈரமான பழுப்புக் கண். அவரையே பார்த்தது. ஏழரை மாதத்துக்கு அப்புறம் முழுசாகப் பார்த்தது. கோபம் இருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அதில் ஒரு துளி கோபமும் இல்லை.

இடது கண்ணில் முடி உள்ளேயே போய் ஒட்டியிருந்தது. பஞ்சில் தண்ணீர் தொட்டு நனைத்து நனைத்து எடுத்தார். கண் திறந்தது. அது வெள்ளையாக இருந்தது.

விரலை அதன் முன்னால் ஆட்டினார். இமைக்கவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனார். இமைக்கவில்லை.

காலையில் தூணில் இடித்துக்கொண்டது இடது பக்கம்தான்.

முடி வளர்ந்தது. முடி கண்ணைக் குத்தியது. குத்திக் குத்திப் புண்ணானது. இதில் தெய்வச் செயலும் இல்லை, விதியும் இல்லை. காலையில் அரைமணி நேரம் வாரியிருந்தால் நடந்திருக்காது. ஏழரை மாதத் தவத்தில் அவர் சம்பாதித்தது இந்த வெள்ளைக் கண்.

வெயில் தாழ்ந்தபோது எழுந்தார். பக்கத்தில் குவிந்து கிடந்த முடி நாயைவிடப் பெரிதாக இருந்தது. குஞ்சலத்தை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனார். வழியில் ஒச்சம்மா பார்த்தாள்.

“ஏ ஆத்தீ! அதுக்குள்ள இத்தனூண்டு நாயா இருந்துச்சு?” என்றாள். முதல் தடவையாக ஒரு அடி கிட்ட வந்தாள்.

அக்கா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். நாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காதுப் புண்ணைப் பார்த்தார். கண்ணை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

“இந்தக் கண்ணு?”

“தெரியலக்கா. போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்.”

“டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நாளைக்கு மதியம் திண்டுக்கல் போற வேன்ல ஏறிக்கங்க. புண்ணை மட்டும் ராத்திரி நக்காமப் பார்த்துக்கங்க.”

“சரிக்கா.”

அக்கா பெட்டியைத் திறந்து, மடித்த காவித் துணி ஒன்றை எடுத்து வெளியே வைத்தார்.

“காலையில குளிச்சிட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள குடுத்துடறேன்.”

அவருக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம்.

“யாருக்குக்கா?”

“உங்களுக்குத்தான். இங்க வேற யாரு கேட்டா?”

வைத்தியலிங்கம் துணியைப் பார்த்தார். இத்தனை நாள் அதற்காகத்தான் காத்திருந்தார். இப்போது அதன் பக்கம் கை நீட்டவே கூசியது.

“இல்லக்கா, எனக்கு வேண்டாம்.”

அக்கா திரியை எண்ணெயில் நனைத்தார்.

“எனக்கு அதுக்குத் தகுதியில்ல. இது போயிடுமோன்னு பயந்தேன். அதைத் தாங்க முடியாதுன்னு, அதுக்கு முன்னாடி நானே விட்டுட்டேன். அதைப் பற்றை விட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு வாயில்லா ஜீவனோட கண்ணைக் கெடுத்துட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீர்மானமாகச் சொன்னார்.

“காவி வேண்டாம். இந்த இடமும் வேண்டாம். நாளைக்கு டாக்டர்கிட்டயே கேட்டு, நல்லாப் பார்த்துக்கத் தெரிஞ்ச ஒரு வீடாப் பார்த்து இதைக் குடுத்துடறேன். குழந்தைங்க இருக்கற வீடா. என் கையில இருக்க வேண்டாம் இது. நான் உறையூருக்கே போயிடறேன். தனியா இருந்துக்கறேன். எல்லாத்தையும் விட்டுடறேன்க்கா.”

அக்கா குஞ்சலத்தை எடுத்து மறுபடியும் அவர் கைகளில் வைத்தார். அது அவர் தாடிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டது.

“விடறது உங்களுக்கு ரொம்ப நல்லா வருதுண்ணா,” என்றார் அக்கா. “அதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்ல. நாளைக்குக் காலையில இதுக்கு யாரு வாரிவிடறது, அதை மட்டும் சொல்லுங்க.”